பட்டியலில் இல்லாத பிராணிகளின் சார்பாக ஒரு விக்ஞாபனம்

மகா கனம் பொருந்திய வெள்ள நிவாரண இலாகா அவர்கள் சமூகத்துக்கு,

கடலை அடைவதற்குச் சற்று முன்பாகக் கொள்ளிடம் பழையது புதியது என்று இரண்டாகப் பிரிந்து ஓட, அவற்றின் நடுவே திட்டுத் திட்டாகக் கிடக்கும் கிராமங்களில் ஒன்றில் வசிக்கும் அடியேன், மேட்டூரில் 120 அடியும் நிரம்பிவிட்டதென்ற செய்தி கேட்டு டெல்டா முழுவதும் ஆனந்தப்படும் நாளில் அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றத் தொடங்கும் பரம்பரையைச் சேர்ந்தவன்.

2022 ஆகஸ்டில், மேட்டூரிலிருந்து விநாடிக்கு 2 லட்சம் கனஅடிக்கு மேல் புறப்பட்ட பிரவாகம் முக்கொம்பில் கொள்ளிடத்தின் பக்கம் திரும்பி, எங்கள் தெருவிலும் எழுந்தருளியபோது, தங்கள் சிப்பந்திகள் படகோடு வந்து ஜனங்களைக் கரையேற்றிய உபகாரத்தை நாங்கள் மறக்கவில்லை. ஆயினும், அடுத்த வீட்டு ஆயாவின் பின்னாலேயே நீந்தி வந்து படகின் விளிம்பில் முன்னங்கால்களை ஊன்றிய செவலையைப் பார்த்து, "நாய்க்கெல்லாம் உத்தரவு இல்லீங்க" என்று ஓர் உத்தியோகஸ்தர் திருவாய் மலர்ந்தார். "அது வராட்டி நானும் வரலை, நீங்க போங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, ஆயா தொகுப்பு வீட்டு மொட்டை மாடிக்கே திரும்பிப் போய், பஞ்சாரத்துக் கோழிகளுக்கும் நனைந்து சிலிர்த்த பூனைக்கும் நடுவே சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டார். மறுநாள் அவருக்காகவே இன்னொரு படகு வந்தது. அதை ஓட்டி வந்த மீனவத் தம்பி செவலையைச் சாக்குக்குள் போட்டு ஏற்ற, கரையில் நின்ற குமாஸ்தா 'மூட்டை ஒன்று' என்று பதிந்துகொண்டார். அந்த மூட்டை ஒரு தடவை குரைத்தும் பதிவேடு திருத்தப்படவில்லை.

தங்கள் விதிகளின்படி, வெள்ளத்தில் மாண்ட கறவை மாட்டுக்கு 37,500 ரூபாயும், ஆட்டுக்கு 4,000 ரூபாயும், கோழிக்கு 100 ரூபாயும் உண்டு. நாய்க்கும் பூனைக்கும் விலை இல்லை. ஆகவே, அவை சாவதுமில்லை என்பது இலாகாவின் சித்தாந்தம் போலும். விலையுள்ள பிராணிகளின் கதியும் அப்படியொன்றும் சிலாக்கியமானதன்று: மாட்டைப் பறிகொடுத்தவனிடம் உடலைக் காட்டு, டாக்டர் சான்று கொண்டா என்கிறார்கள்; வங்காள விரிகுடாவுக்குப் போய்விட்ட பசு பிரேதப் பரிசோதனைக்காகத் திரும்பி வரும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை.

செவலைக்கு விலை நிர்ணயிக்க வேண்டுமென்று கேட்கும் துணிச்சல் எங்களுக்கு இல்லை. படகில் ஒரு முழ இடமும், முகாமாகிவிட்ட பள்ளிக்கூடத்தின் தாழ்வாரத்தில் கட்டிப்போட ஒரு தூணும் அனுக்கிரகித்தால் போதும். அதற்கும் விதியில் இடமில்லாத பட்சத்தில், அடுத்த வெள்ளத்திலும் ஆயாவை அழைத்துவர இரண்டாம் படகு ஒன்று நிச்சயமாகத் தேவைப்படும். அதன் டீசல் செலவை எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவதென்று சமூகத்தில் இப்போதே தீர்மானித்து வைத்துக்கொள்வது உசிதம்.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள
திட்டுவாசி