செவ்வாய்ப்பேட்டை அடுப்படிகளில் சீன-அமெரிக்கக் கோழி வதக்கலும் தண்ணீர் தெளிப்போர் மரபும்: ஒரு முன்னோட்ட ஆய்வு

1. ஆய்வின் தேவை

இத்தலைப்பில் இதுவரை யாரும் ஆய்வு செய்யவில்லை. யாரும் செய்யாதது என்பதே ஒரு தலைப்புக்குப் போதிய தகுதி என்று நம் பல்கலைக்கழகங்கள் நெடுங்காலமாக ஒப்புக்கொண்டிருப்பதால், ஏன் செய்யவில்லை என்ற கேள்விக்குள் இவ்வாய்வு புகவில்லை.

2. ஆய்வின் எல்லை

சேலம் லீ பஜாரில் மூட்டை இறக்கும் சத்தம் கேட்கும் தூரமும், கொலுசுப் பட்டறைகளில் வெள்ளி உருக்கும் வாடை எட்டும் தூரமும் இட எல்லை. கால எல்லைதான் படுத்திவிட்டது. செவ்வாய்ப்பேட்டையில் செவ்வாய்க்கிழமை பல வீடுகளில் கவுச்சி கிடையாது. வெள்ளியும் கிடையாது. சிலருக்குச் சனியும் ஆகாது. அமாவாசை, கிருத்திகை, புரட்டாசி மாதம், யாராவது மாலை போட்டிருக்கும் காலம் ஆகியவற்றைக் கழித்தபின் எஞ்சியவற்றில் தோதானது ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு விருந்தாளி வந்துவிடுவதால் குழம்பு வைத்துவிடுகிறார்கள்.

3. முன்னாய்வுகள்

கோழியைச் சன்னமாக நறுக்கி, புகைய விட்ட சட்டியில் புரட்டி, ஏழெட்டு நிமிடத்தில் இறக்கிவிடும் கலை முதலில் யாருடையது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதாவது, நம் அறிஞரிடையே மட்டும். தமிழனுடையதே என்பார் ஒரு சாரார். சீனத்தின் குவாஞ்சோ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. தமிழ் வணிகர் அங்கே சிவன் கோயில் எழுப்பியதைச் சொல்லும் அதில் கோழி பற்றி ஒரு சொல்லும் இல்லை. இந்த மௌனம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஊரறிந்த செய்தியை யாரும் கல்லில் வெட்டுவதில்லை. ஆகவே வணிகர் கோழி வதக்கினர் என்பது அன்று ஊரறிந்த செய்தி எனத் துணியலாம். இதே அளவையால் அவர்கள் மிக்சர் கொறித்தனர் என்பதும் பெறப்படும். சட்டியின் பெயரிலேயே சீனம் ஒட்டிக்கொண்டிருக்கும் வட்டாரங்களும் உண்டு. அதை வைத்து ஒரு முனைவர் பட்டமே வாங்கலாம். யாராவது வாங்கிவிடுவார்களோ என்ற அச்சத்தால் இங்கே விரிக்கவில்லை. சேலத்தில் அது வடைச்சட்டி. வம்பில்லை.

அமெரிக்கக் கிளை வேறு கதை. கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடிப் போன குவாங்டுங் மாகாணத்தார் பலர் பிறகு சலவைக்கடையும் சாப்பாட்டுக்கடையும் நடத்திப் பிழைத்தார்கள். 1882இல் சீனத் தொழிலாளர் உள்ளே வரவே தடைச்சட்டம் போட்டார்கள். ஆனால் அவர்கள் சமைத்ததைச் சாப்பிடத் தடை போடவில்லை. சொந்த ஊரில் கீரைத்தண்டு விழுந்த சட்டியில் அங்கே புரோக்கோலி விழுந்தது. செவ்வாய்ப்பேட்டையில் முட்டைக்கோசும் பீன்ஸும் விழுகின்றன. இது மரபு மீறல் என்று முகம் சுளிப்போர் கவனிக்க: கிடைத்ததைப் போடுவதுதான் இங்கே மரபு.

இம்முறையை ஆங்கில வாசகருக்கு விளக்கி, இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரையும் தந்த நூல் 1945இல் அமெரிக்காவில் வெளிவந்தது. எழுதிய புவெய் யாங் சாவ் சமையற்காரர் அல்லர், மருத்துவர். ஆங்கிலமாக்கியவர் மகள். இடையிடையே குறுக்கிட்டவர் கணவர் யுவென் ரென் சாவ், உலகறிந்த மொழியியலாளர். முட்டை கிளறும் குறிப்பொன்றை அவரே எழுதினார். முட்டையோடு முட்டையை மோதினால் ஒன்றுதான் உடையும், எனவே ஆறாவதை உடைக்க ஏழாவது தேவை, ஏழாவது முந்திக்கொண்டு உடைந்துவிட்டால் செய்யவேண்டியது என்ன என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு ஆராய்கிறார். நாமக்கல் பக்கம் இந்தச் சிக்கல் எழாது. ஏழாவது மட்டுமல்ல, எழுநூறாவதும் கைக்கெட்டும். பேரறிஞர் ஒருவர் தம் துறையின் நடையைத் தாமே கிண்டல் செய்த இத்தகைய நிகழ்ச்சி நம் கல்விப்புலத்தில் நடந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. தேடல் தொடர்கிறது.

1975இல் பம்பாய் கிரிக்கெட் கிளப் சமையலறையில் நெல்சன் வாங் உருவாக்கியதாகச் சொல்லப்படும் சிக்கன் மஞ்சூரியன், 1965இல் சென்னை புகாரி ஹோட்டல் தந்ததாகக் கூறப்படும் சிக்கன் 65 ஆகிய இரண்டும் பொரித்தவை. ஆகவே ஒதுக்கப்பட்டன, ஆய்வாளருக்கு அவை பிடிக்கும் என்றபோதிலும்.

4. மூலப்பொருளும் அதன் வகைப்பாடும்

கறிக்கடையில் உலகம் மூன்றாகப் பகுக்கப்பட்டுள்ளது. "கொழம்புக்கா, வறுவலுக்கா, பிரியாணிக்கா?" சீன-அமெரிக்க முறையில் விரைவு வதக்கலுக்கு என்று விடை சொன்னபோது, கடைக்காரர் கத்தியை முட்டியில் ஊன்றி ஒரு கணம் யோசித்தார். "அப்ப சில்லிக்குன்னு சொல்லுங்க" என்று நான்காவது வகையை அங்கேயே நிறுவி, நெஞ்சுக்கறியை எலும்பில்லாமல் எடுத்து எடைபோட்டார். இதே முடிவுக்கு வர ஒரு கருத்தரங்குக்கு மூன்று நாளும் ஒரு தொகுப்பு நூலும் ஆகியிருக்கும். நாட்டுக்கோழி இதற்கு ஆகாது. அது வேகும் நேரத்தில் இந்தக் கட்டுரையை இருமுறை படித்துவிடலாம்.

கறியை உறைபெட்டியில் அரைமணி வைத்தால் விறைத்துக்கொள்ளும், கத்தி வழுக்காது. நார் ஓடும் திசைக்குக் குறுக்கே, தட்டுவடைக் கனத்தில் நறுக்கவேண்டும். அரைக்கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி சோயா சாஸ், ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, இரண்டு தேக்கரண்டி மாவு பிசறிக் கால்மணி நேரம் ஊறவிட்டால், சட்டியில் அந்த மாவுப்படலம் உள்ளேயுள்ள சாற்றை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். சமையல் குறிப்புகளெல்லாம் சோளமாவு என்கின்றன. மரவள்ளி மாவுக்கும் ஜவ்வரிசிக்கும் பேர்போன ஊரில், 1981 முதல் சேகோசர்வ் என்று ஒரு கூட்டுறவு அமைப்பே இதற்காக இயங்கும் ஊரில், அட்டைப்பெட்டியில் வந்த சோளமாவை வாங்குவது கொல்லத் தெருவில் போய் வெளியூர் ஊசி கேட்பது. மரவள்ளி மாவு இன்னும் வழுவழுப்பாகவே பிடிக்கிறது. மீந்த மஞ்சள்கரு என்ன ஆயிற்று என்பது ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டது.

எண்ணெய்: கடலை எண்ணெய். குவாங்டுங் சமையற்காரரும் செவ்வாய்ப்பேட்டைச் செட்டியாரும் கருத்தொருமித்த ஒரே இடம் இது.

5. தெளிப்பியல்

இனி ஆய்வின் மையத்துக்கு வருவோம்.

பச்சைக் கோழிக்கறியில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர். சூடு ஏறியதும் தசை இறுகி அதைப் பிழிந்து வெளியே தள்ளும். சட்டியில் தண்ணீர் நிற்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. ஆனால் கறிக்குச் செம்பழுப்பு நிறமும் அந்த மணமும் தரும் வினை, 1912இல் பிரெஞ்சுக்காரர் லூயி கமில் மயார் விளக்கியது, சுமார் 140 டிகிரிக்கு மேல்தான் விறுவிறுப்படையும். கொதிக்கும் தண்ணீரில் ஒரு கிராமை ஆவியாக்க 540 கலோரி வெப்பம் செலவு. ஒருவர் ஒரு கை தண்ணீர், 30 கிராம் என்று வைப்போம், தெளித்தால் 16,200 கலோரி அந்த இடத்திலேயே போயிற்று. வீட்டு அடுப்பால் அந்த நஷ்டத்தை உடனே ஈடுகட்ட முடியாது. அதனால்தான் அரைக்கிலோவை இரண்டு ஈடாகப் போட வேண்டும். போட்டதும் ஒரு நிமிடம் கரண்டி படாமல் விட்டு, பிறகு புரட்டி, தட்டில் எடுத்து வைத்து, இஞ்சி பூண்டையும் காயையும் தனியே வதக்கி, கடைசியில் எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும்.

அந்தக் கரண்டி படாத ஒரு நிமிடத்தில்தான் அது நிகழ்கிறது.

அடுப்பருகே எப்போதும் ஒரு சில்வர் சொம்பு இருக்கும். யார் வைத்தது என்று தெரியாது. ஒரு கை வருகிறது. நான்கு விரலும் நனைகின்றன. உதறல். சொய்ங்! புகை அடங்குகிறது, படபடவென்ற ஓசை கொதகொதவென்று மாறுகிறது, ஓரம் சிவக்கத் தொடங்கிய கறி, காய்ச்சலில் கிடந்து எழுந்தவர் முகம்போல் வெளிறுகிறது. "அடி புடிக்குது பாரு கண்ணு" என்ற குரல் அதற்குப் பிறகே கேட்கிறது. செயல் முந்தி, காரணம் பிந்தி என்னும் இவ்வொழுங்கு எல்லா நேர்வுகளிலும் மாறாமல் காணப்பட்டது (அத்தை, வாய்மொழி).

தெளிப்போரைப் பின்வருமாறு வகுக்கலாம்.

5.1 நேர்த்தெளிப்பர். அருகிலேயே நின்று தெளிப்பவர்.

5.2 வழிப்போக்குத் தெளிப்பர். புழக்கடைக்குத் துணி எடுக்கவோ, பூனையை விரட்டவோ போகிறவர். இவருக்கு அந்தச் சமையலோடு எந்தத் தொடர்பும் இல்லை. பெரும்பாலும் அவர் அதைச் சாப்பிடப் போவதும் இல்லை. ஆயினும் உலர்ந்த சட்டியைக் கண்டால் அவர் கை சும்மா இராது. கேட்டால், தெளித்ததே நினைவில்லை என்கிறார். அது பொய்யன்று (அம்மாயி, வாய்மொழி, இரண்டாம் பதிப்பு, பல் கட்டிக்கொண்டபின்). முதற்பதிப்பில் இப்பகுதி தெளிவாக விளங்கவில்லை.

5.3 மறைமுகத் தெளிப்பர். இவர் தண்ணீரைத் தொடுவதே இல்லை. காயைக் கழுவி வடிகட்டாமல் போடுவார்; அல்லது "மூடி போடு, சீக்கிரம் வெந்துரும்" என்று ஒரு மூடியைக் கவிழ்ப்பார். எழுந்த ஆவி மூடியில் முட்டி, துளியாகித் திரும்ப விழும். மூடி தெளிப்பரா, தெளிப்புக் கருவியா என்பதில் தீவிரக் கருத்து மோதல் உண்டு. கருவியே என்பது ஒரு தரப்பு (எதிர்வீட்டு அக்கா, மொட்டைமாடித் தொகுதி, வற்றல் காயும் பருவம்). இதை வன்மையாக மறுப்பவர் அதே அக்கா (மேற்படி தொகுதி, மழை தூறியபின்).

5.4 தொலைத்தெளிப்பர். ஆண்பால். அடுப்படிக்குள் காலெடுத்து வைப்பதில்லை. கூடத்தில் செய்தித்தாளை இறக்காமலே "என்னமோ தீயுதே" என்பார். அடுத்த நொடியில் வெவ்வேறு அறைகளிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட கைகள் சொம்பை நோக்கி நீளும். ஆற்றலில் இவரே முதன்மையானவர். கை நனைவதே இல்லை. பல்கலைக்கழக நிர்வாகத்திலும் இவ்வகையினர் உண்டென்று கேள்வி.

இவ்வழக்கத்தின் தோற்றம் குறித்து இரு கொள்கைகள் நிலவுகின்றன. அடிபிடிப்பு அச்சக் கொள்கை, விறகடுப்பும் கனமில்லாத ஈயப்பாத்திரமும் இருந்த காலத்து எச்சம் இது என்கிறது. கைபடல் கொள்கையோ, வீட்டில் ஒருவர் தனியாகச் சமைத்துவிட்டால் மற்றவருக்கு அதில் பங்கில்லாமற் போய்விடுமே என்ற ஏக்கத்தால் ஒவ்வொருவரும் ஒரு கை வைக்கிறார்கள் என்கிறது. இரண்டாம் கொள்கைக்கு வலுவான சான்று ஒன்றுண்டு, ஆனால் ஏடு சிதைந்துள்ளது (பெயர் சொல்ல விரும்பாத மருமகள், "நாஞ் சொன்னேன்னு சொல்லாதீங்க", தாழ்குரல் நூல், மிக்சி ஓடும்போது படியெடுத்தது, தேங்காய் அரைபட்ட இடத்தில் மூன்று வரி விழுந்துபோயின, மாமியார் உள்ளே வந்ததால் இறுதி இயல் கிடைக்கவில்லை, கிடைத்த பகுதியிலும் "அவங்க நல்லவங்கதான், ஆனா" என்பதற்குப் பின் பெருமூச்சு ஒன்றே காணப்படுகிறது, அது இடைச்செருகல் என்பார் நாத்தனார்).

ஒப்பீட்டுக்காக ராத்திரிநேரத் தள்ளுவண்டி பாஸ்ட்புட் கடையும் கவனிக்கப்பட்டது. 19 கிலோ வணிக சிலிண்டர், இரையும் பர்னர், சட்டி விளிம்பைத் தாண்டி எழும் தீ, கரண்டியால் சட்டியைத் தட்டும் ஓசை. கறி சிவந்தும் உள்ளே மெத்தென்றும் வருகிறது. இதற்கு பர்னரே காரணம் என்பர் பொறியியலார். கைப்பக்குவம் என்பர் வாடிக்கையாளர். அங்கே மாஸ்டரின் சொந்தக்காரர் யாரும் பக்கத்தில் இல்லை என்பதே காரணம் என்று இவ்வாய்வு முடிவு செய்கிறது.

6. உடல்நலம்

எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி போதும். காயும் கறியும் சரிபாதி. உள்ளே வெந்ததற்கு அடையாளம் 74 டிகிரி, வெப்பமானி இல்லாதவர்க்கு இளஞ்சிவப்பு இல்லாத வெட்டுமுகம். கவனிக்க வேண்டியது சோயா சாஸ்தான். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸிலேயே 2 கிராமுக்கு மேல் போய்விடும். எனவே தனியாக உப்புப் போடக் கூடாது. போட்டார்கள். இது உடம்புக்கு நல்லது என்று சொல்லி, தொட்டுக்கொள்ள வைத்துக்கொண்டு சாப்பிட்ட சோற்றின் அளவு குடும்ப நலன் கருதி வெளியிடப்படவில்லை.

7. அஜினோமோட்டோ

1908இல் ஜப்பானியர் கிகுனே இகெடா கண்டறிந்தது முதல் இதைப் பற்றி எல்லோரும் கருத்துச் சொல்லிவிட்டார்கள்.

8. ஒரு மறுப்பும் அதற்கு மறுப்பும்

இவ்வளவு பாடு எதற்கு, நம்மிடம் பள்ளிபாளையம் சிக்கன் இருக்கிறதே என்று கேட்பவர்க்கு விடை சொல்லியாக வேண்டும். காவிரிக்கரையில், ஈரோட்டுக்கு எதிர்க்கரையில் இருக்கும் அந்த நாமக்கல் மாவட்டத்து ஊரின் பெயரால் வழங்கும் கறியில் மசாலாத் தூள் கிடையாது. விதை நீக்கிக் கிள்ளிப்போட்ட வரமிளகாய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, மஞ்சள், பல்லுப்பல்லாய் நறுக்கிய தேங்காய், இவ்வளவுதான். பொருளும் கொஞ்சம், சாறும் கொஞ்சம், சட்டியிலேயே சுண்டி முடியும். சீன-அமெரிக்க வதக்கலுக்குப் போகிறவர் சேலத்திலிருந்து உண்மையில் பள்ளிபாளையம்வரை போனால் போதும் என்பது ஆய்வாளரின் தனிப்பட்ட கருத்து. நெறியாளர் இதை நீக்கச் சொன்னார்.

ஆனால் அதிலும் வேகும்போது கொஞ்சம் தண்ணீர் தெளிப்பவர்கள் உண்டு. இந்தச் செய்தி எப்படியோ 5.2 வகையினர் காதுக்கு எட்டிவிட்டது. அன்று முதல் ஒவ்வொரு தெளிப்புக்கும் "பள்ளிபாளையத்துலயே தெளிக்கறாங்க" என்று மேற்கோள் காட்டுகிறார்கள். மூலத்தைப் பார்க்காமல் மேற்கோளை மேற்கோளாகவே எடுத்தாளும் இம்முறையை அவர்கள் எங்கே பயின்றார்கள் என்று கேட்கத் தோன்றிற்று. தேர்வாளர்கள் முன்னிலையில் கேட்கவில்லை.

9. வாய்மொழித் தேர்வு

செய்முறை விளக்கத்தோடு நடந்தது. ஆய்வேட்டைப் படித்துவிட்டு வரும் தேர்வாளர் அரியர், பசியோடு வருவோர் பலர் என்பதால் காலைச் சிற்றுண்டிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இடைப்பட்ட நேரம் குறிக்கப்பட்டது. சொம்பு அப்புறப்படுத்தப்பட்டது. அத்தை கோயிலுக்கு அனுப்பப்பட்டார். கூடத்துச் செய்தித்தாள் மடித்து வைக்கப்பட்டது. கடலை எண்ணெய் புகைந்தது. முதல் ஈடு கறி சட்டியில் பரவியது. ஓரங்கள் சிவக்கத் தொடங்கின. வெளியூரிலிருந்து வந்திருந்த புறத்தேர்வாளர் அணிந்துரையைப் புரட்டியபடி அருகே வந்தார். சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். மேசையில் அவருக்காக வைத்திருந்த குடிநீர் பாட்டிலைத் திறந்து உள்ளங்கையில் ஊற்றி, ஒரு தெளி தெளித்தார்.

இவரை 5.2இல் சேர்ப்பதா, தனி வகை ஆக்குவதா என்று நெறியாளர் இன்னும் சொல்லவில்லை. ஆய்வேடு சிறு திருத்தங்களுடன் ஏற்கப்பட்டது.