வினைச்சொல்லுக்குத்தான் மார்க்

ஷெஃபீல்ட், இங்கிலாந்து

அன்புள்ள தம்பிக்கு,

செப்டம்பரில் இங்கே எம்.எஸ்ஸி. சேர வருகிறவன் நீ. குக்கர் எத்தனை லிட்டர், ஸ்வெட்டர் எத்தனை என்று கேட்டிருக்கிறாய். அதற்கெல்லாம் இங்கே கடை இருக்கிறது. எந்தக் கடையிலும் கிடைக்காத ஒரு சரக்கைப் பற்றிச் சொல்கிறேன். அது கேள்வித்தாளில் வரும் வினைச்சொல். இங்கே வரும் நம் பிள்ளைகள் பலர் மார்க்கை இழப்பது இங்கிலீஷ் தெரியாததால் அல்ல. கேள்வியில் உள்ள பெயர்ச்சொல்லுக்குப் பதில் எழுதிவிட்டு வினைச்சொல்லை அம்போவென்று விட்டுவிடுவதால். பணவீக்கத்தை அடக்க வட்டி விகிதம் எந்த அளவுக்கு உதவுகிறது என்று மதிப்பிடச் சொன்னால், 'பணவீக்கம்' கண்ணில் பட்டதுமே நம் கை ஓட ஆரம்பித்துவிடுகிறது. பணவீக்கம் என்றால் என்ன, அதன் வகைகள், காரணங்கள், விளைவுகள், நடுவில் ஒரு படம். ஒரு வரிகூடத் தப்பிருக்காது. திருத்துகிறவர் ஓரத்தில் 'டூ டிஸ்கிரிப்டிவ்' என்று இரண்டே சொல் எழுதி ஐம்பது சொச்சம் போடுவார். பந்தியில் மோர் கேட்டவன் இலையில் மூன்று கரண்டி சாம்பார் ஊற்றினால், எத்தனை மணமான சாம்பாரானாலும் அவன் மோரைத்தான் தேடுவான். இங்கே எம்.எஸ்ஸி.க்குப் பொதுவாக 50 எடுத்தால் தேர்ச்சி, 70 எடுத்தால் டிஸ்டிங்ஷன். (நம் வீட்டில் 70 என்றால் மீதி 30 எங்கே என்று கேட்பார்கள்.) அந்த 50-க்கும் 70-க்கும் நடுவே கிடப்பது பெரும்பாலும் இந்த வினைச்சொல்தான்.

ஒவ்வொரு சொல்லும் ஒரு பொறி. 'டிஸ்கஸ்' என்றால் கலந்து பேசு என்றுதான் அகராதி சொல்லும். அதை நம்பி அறைத்தோழனோடு கலந்து பேசி, இருவரும் ஒரே மாதிரி எழுதிக் கொடுத்தால் அதற்குக் 'கொலூஷன்' என்று பெயர், விசாரணை நடக்கும். கேள்வித்தாளில் அந்தச் சொல்லுக்குப் பொருள், உனக்குள்ளேயே இரண்டு பேரை உட்காரவைத்து வாதாட விடு என்பது. 'ஜஸ்டிஃபை' என்றால் பத்தியின் இரு ஓரத்தையும் நேராக்குவதல்ல, காரணம் காட்டுவது. 'இல்லஸ்ட்ரேட்' என்றால் படம் போட வேண்டியதில்லை, உதாரணம் போதும். 'அக்கவுண்ட் ஃபார்' என்பதற்கும் கணக்குப் பிள்ளைக்கும் சம்பந்தமில்லை. ஏன் நடந்தது என்று சொல்ல வேண்டும். எல்லாவற்றிலும் பொல்லாதது 'டு வாட் எக்ஸ்டென்ட்'. ஏவலே இல்லாத கேள்வி அது. ஆமாம் என்றாலும் பாதிதான் சரி, இல்லை என்றாலும் பாதிதான் சரி. கத்திரிக்காய் பேரம் மாதிரி, எவ்வளவு என்பதில் நின்று பேச வேண்டும்.

இங்கேதான் நாம் ஆறாம் வகுப்போடு தலைமுழுகிய இலக்கணம் திரும்பி வருகிறது. அவுட்லைன், கமெண்ட், ரிவ்யூ, கான்ட்ராஸ்ட் எல்லாம் இங்கிலீஷில் பெயராகவும் வரும், வினையாகவும் வரும். கடைசிச் சொல்லை வாயால் சொன்னால் அழுத்தம் காட்டிக்கொடுக்கும். தாளில் அதுவும் இல்லை. உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பார்த்துத்தான் அது பொருளா, கட்டளையா என்று கண்டுபிடிக்க வேண்டும். இதைச் சொல்லி இங்கிலீஷை இளக்காரம் செய்யாதே. நம் 'விளக்கு' மட்டும் என்னவாம்? மாடத்தில் எரியும், பாத்திரம் தேய்க்கும், கேள்வித்தாளில் ஐந்து மார்க்கும் கேட்கும். ஆனால் நம் கேள்வித்தாள் அதோடு ஒரு 'க' சேர்த்து 'விளக்குக' என்கிறது. 'வாழ்க', 'ஒழிக' இரண்டிலும் வரும் அதே வியங்கோள் விகுதி. இரண்டில் எந்தத் தொனி காதில் விழும் என்பது படித்துவிட்டுப் போனதைப் பொறுத்தது. வினையைப் போலவே வினையடையையும் விடாதே. 'கிரிட்டிக்கலி' என்று ஒட்டிக்கொண்டு வந்தால் திட்டச் சொல்லவில்லை, எடைபோடச் சொல்கிறார்கள். கணக்குத் தாளில் 'ஹென்ஸ்' என்று ஒரு சிறு சொல் வரும். முன்பகுதியில் கிடைத்த விடையைக் கொண்டே இதைக் காட்ட வேண்டும் என்று பொருள். வேறு வழியில் போனால், வழி சரியாக இருந்தும் மார்க் குறையலாம். சலுகை தர நினைத்தால் 'ஹென்ஸ் ஆர் அதர்வைஸ்' என்று கேட்டிருப்பார்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் வினோதம் என்று ஒதுக்காதே. நம் ஊர்ப் பொறியியல் கல்லூரிகள் பலவற்றின் கேள்வித்தாள் ஓரத்தில் கே1, கே2 என்று அச்சிட்டிருப்பதை நீயே பார்த்திருப்பாய். யாரும் அதைப் படிப்பதில்லை, அது வேறு விஷயம். 1956-இல் பெஞ்சமின் ப்ளூமும் கூட்டாளிகளும் அமெரிக்காவில் கற்றலுக்கு வகுத்த ஆறு படிகளிலிருந்து வந்தது அது. அன்றைக்கு அந்த ஆறும் பெயர்ச்சொற்கள்: அறிவு, புரிதல், பயன்பாடு, பகுப்பாய்வு, தொகுப்பு, மதிப்பீடு. 2001-இல் ஆண்டர்சனும் கிராத்வோலும் அதைத் திருத்தியபோது ஆறையும் வினையாக்கினார்கள். நினைவுகூர், புரிந்துகொள், பயன்படுத்து, பகுத்தாய், மதிப்பிடு, உருவாக்கு. மாணவன் எதை வைத்திருக்கிறான் என்பதிலிருந்து எதைச் செய்கிறான் என்பதற்குப் பார்வை மாறியதை இலக்கணமே காட்டிக்கொடுக்கிறது. ஓரத்தில் இருக்கும் அந்த எண்ணைப் பார்த்திருந்தாலே, கேள்வி எந்தப் படியில் நிற்கிறது என்று நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும்.

இங்கே பிறந்த பிள்ளைகளுக்கே பெயர் எது வினை எது என்று தெரியாதே, அவர்கள் தேறவில்லையா என்று கேட்பாய். கேள்வி நியாயம்தான். இங்கிலாந்துப் பள்ளிகளில் பல ஆண்டுகள் இலக்கணம் ஓரங்கட்டப்பட்டிருந்தது. 2013-இல்தான் பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு இலக்கணத்துக்கென்று தனித் தேர்வு வந்தது. கொரோனாக் காலத்தில் வீட்டிலிருந்து பாடம் சொல்லிக்கொடுக்க நேர்ந்த பெற்றோர்கள், 'ஃப்ரன்டட் அட்வெர்பியல்' (வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும் வினையடை) என்றால் என்னவென்று தெரியாமல் முழித்தது நாடு முழுக்கச் சிரிப்பானது. ஆனால் பெயர் தெரியாதது வேறு, பழக்கம் இல்லாதது வேறு. 'வந்தான்' என்று சொல்ல நமக்குப் பகுதி, விகுதி, இடைநிலை எதுவும் தேவைப்பட்டதில்லை. அப்படித்தான் அவர்களுக்கு 'இவாலுவேட்'. காதில் விழுந்தே வளர்ந்தவனுக்கு இலக்கணம் அலங்காரம். வெளியிலிருந்து வருகிறவனுக்கு அதுதான் ஊன்றுகோல்.

ஒரே சொல்லை ஆளுக்கொரு பொருளில் ஆள்கிறார்களே என்ற குறையும் உண்மை. வரலாற்றுத் துறையின் 'டிஸ்கஸ்' வேறு, வேதியியலின் 'டிஸ்கஸ்' வேறு. சட்டம் படிப்பவனுக்கு 'அட்வைஸ்' என்று வந்தால், கட்சிக்காரனுக்குச் சட்டப்படி என்ன வழி என்று சொல்ல வேண்டும், நம் பெரியப்பா செய்யும் அட்வைஸ் அல்ல. அதனால் அகராதியோடு நிற்காதே. மார்க் போடும் அளவுகோலை முன்கூட்டியே கொடுப்பார்கள், அதைப் படி. புரியாவிட்டால் ஆசிரியரிடம் போய்க் கேள். இங்கே கேட்பது அவமரியாதை ஆகாது.

மனப்பாடத்தில் வளர்ந்த நமக்கு வாதமெல்லாம் வருமா என்று மட்டும் மூக்கால் அழாதே. பதிமூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூல் பாயிரத்தில் எழுவகை மதம், அதாவது ஏழு வகைக் கருத்து நிலை, என்று வகுத்து வைத்திருக்கிறார். பிறர் சொன்னதை ஒப்புவது, மறுப்பது, முதலில் ஏற்றுப் பிறகு களைவது, தானே ஒன்றை நாட்டி நிலைநிறுத்துவது, இருவர் முரண்பட்டுச் சொன்னதில் ஒரு பக்கம் துணிவது, பிறர் நூலில் குற்றம் காட்டுவது, யாரோடும் சேராமல் தன் கருத்தில் நிற்பது. ஐஈஎல்டிஎஸ் தேர்வில் 40 நிமிடத்தில் 250 சொல்லுக்குக் குறையாமல் எழுதினாயே, இரு பக்கக் கருத்தையும் பேசி உன் கருத்தையும் சொல்லச் சொல்லும் அந்தக் கேள்வி, இதில் ஐந்தாவது. அந்த ஏழு பெயரையும் மனப்பாடம் செய்து ரெண்டு மார்க் வாங்கியவர்கள் நாம். ஏழில் ஒன்றையாவது செய்து பார்க்க யாரும் சொல்லவில்லை. அங்கேயும் பெயர்ச்சொல்லோடு நின்றுவிட்டோம்.

ஆகவே பெட்டி கட்டும்போது நன்னூல் ஒரு பிரதியும் அம்மா போட்ட மாவடு ஒரு பாட்டிலும் எடுத்து வை. எடை மிஞ்சினால் நன்னூலை எடுத்துவிடு. அது மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

அன்புடன்,
அக்கா