ரேடியேட்டர் வெந்நீர்

மலையேறும் ஜீப் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு டயரில் தொடங்கி, வின்ச்சில் சூடுபிடித்து, ஸ்னார்க்கலில் முடியும். ஆற்றுக்குள் இறங்கினால் வண்டி மூச்சுவிட ஏற்பாடு செய்துவைத்திருக்கும் இந்த வீரர்களிடம், விடிந்ததும் எங்கே குளிப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஈரக் காகிதத்தால் துடைத்துக்கொள்வார்களாம். கூழானாலும் குளித்துக் குடிக்கிற குடும்பத்தில் இது எடுபடாது. “வால்பாறை டிசம்பர் குளிர்ல பச்சைத்தண்ணியில குளிக்கச் சொன்னீங்கன்னா அடுத்த பஸ்ஸுல நான் ஊருக்குப் போயிடுவேன்” என்று மனைவி அறிவித்துவிட்டாள். வெந்நீர் இல்லாமல் ஜீப் நகராது என்றாயிற்று.

வாட்டர் ஹீட்டர் ராடு போட்டால் என்ன? கணக்குப் பார்த்தேன். 20 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி சூடேற்ற ஏறக்குறைய 0.7 யூனிட் மின்சாரம் வேண்டும். ஜீப்பில் இருக்கும் 12 வோல்ட், 60 ஆம்பியர்-அவர் பேட்டரியைச் சொட்டு விடாமல் பிழிந்தால் கிடைப்பது 0.72 யூனிட். ஆக, ஒருவர் குளித்ததும் பேட்டரி காலி. வண்டியைத் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். தள்ளினால் வேர்க்கும். வேர்த்தால் மறுபடி குளிக்க வேண்டும்.

அடுத்தது சூரியன். நாலு அங்குல பிவிசி பைப்பை ஆறடிக்கு வெட்டி, இரு முனையையும் மூடி, கறுப்புப் பெயின்ட் அடித்துக் கூரையில் கட்டினால் 14 லிட்டர் போலக் கொள்ளும். ஆஸ்திரேலியாவில் பலர் செய்கிறார்கள், வெயிலில் நன்றாகவே சுடுகிறது. ஆனால் அவர்கள் குளிப்பது சாயங்காலம். நமக்குக் குளியல் என்றால் காலை ஆறு மணி. இரவெல்லாம் பனியில் நின்ற பைப்பிலிருந்து அப்போது வருவதைத் தலையில் ஊற்றிக்கொள்ளத் தனித் துணிச்சல் வேண்டும்.

மிஞ்சியது இன்ஜின். எனக்கு வெகுநாளாக உறுத்திக்கொண்டிருந்த விஷயமும் அதுதான். நாம் காசு கொடுத்து ஊற்றும் டீசலில் சக்கரத்தைச் சுற்ற உதவுவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இன்னொரு பங்கு சைலன்சர் வழியே புகையோடு போகிறது. கிட்டத்தட்ட அதே அளவு ரேடியேட்டர் வழியே காற்றைச் சூடாக்குகிறது. ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகளுக்கும் காற்றைச் சூடாக்கிக்கொண்டே ஏறிப்போய், மேலே நின்று பல் கிட்டிக்க நடுங்குவதா? கோயம்புத்தூர்க்காரனுக்கு இது அடுக்குமா?

மெக்கானிக் எளிய வழி சொன்னார். “ஏனுங்க சார், கொதிக்கிற தண்ணி ரேடியேட்டர்லயே இருக்குதுங்ளே. அடியில ஒரு டேப்பு வெச்சுத் தெறந்துக்கலாமுங்க.” அதில் இருப்பது எத்திலீன் கிளைக்கால் கலந்த விஷம் என்றேன். “குளிக்கத்தானுங்க போறீங்க, குடிக்கவா போறீங்க?” என்றார். தெளிவான மனிதர்.

விடை, கைக்குள் அடங்கும் ஒரு எஃகு டப்பா. பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர். உள்ளே நெளிநெளியாகத் தகடுகள். ஓர் இடைவெளியில் கூலன்ட், அடுத்ததில் குளிக்கிற தண்ணீர். பேச்சுவார்த்தை நின்றுபோன சம்பந்திகள் மாதிரி அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பார்கள். கலக்கவே மாட்டார்கள், சூடு மட்டும் கைமாறும். எங்கள் ஊரில் எவரும் திருப்பியிராத கேபின் ஹீட்டர் குமிழ் ஒன்று உண்டல்லவா, அதற்குப் போகும் ஹோஸை வெட்டி டப்பாவை நடுவில் இணைத்தோம். தண்ணீரைத் தள்ள 12 வோல்ட் டயாபிரம் பம்ப், தோட்டத்தில் முதுகில் மாட்டி மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயரில் இருப்பது. “புதுசு தானே?” என்று மனைவி இரண்டு தடவை கேட்டாள். கூலன்ட் 80 டிகிரியைத் தாண்டும் என்பதால், தோல் உரியாமலிருக்க ஷவருக்கு முன்னால் பச்சைத்தண்ணீர் கலக்கும் ஒரு வால்வு. இதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

வால்பாறையில் நண்பரின் தேயிலைத் தோட்டத்தில் அரங்கேற்றம். வாளித் தண்ணீரைப் பம்ப் உறிஞ்சி, டப்பா வழியே சுற்றி வாளிக்கே திருப்பியது. ஆவி பறந்தது. தார்பாயைக் கட்டி மனைவியை அழைத்தேன். நீங்கள் முதலில் என்றாள், பதிவிரதையாக. சோப்பு போடும் வரை சொர்க்கம். அப்புறம் அடுத்த வாளியில் தண்ணீர் வெதுவெதுப்பிலேயே நின்றுவிட்டது. டீசல் இன்ஜின் ஐடிலில் ஓடினால் அதிகம் சூடு உண்டாக்காது. ஆக்சிலரேட்டரை அழுத்தி வேகத்தைக் கூட்ட வேண்டும்.

“கொஞ்சம் அழுத்தேன்!” என்று தார்பாய்க்குள்ளிருந்து கத்தினேன்.

“ஏங்க, குளிக்கிறது நீங்க, மிதிக்கிறது நானா?” என்றபடி மிதித்தாள். ஜீப் அலறியது. நான் முதுகு தேய்க்கிறேனா கால் தேய்க்கிறேனா என்பது கீழ் லைன் வீடுகள் வரை தெரிந்திருக்கும். என்ன அவசரமோ என்று தோட்டத்து வாட்ச்மேன் ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டதும், “ஒரு வார்த்த சொல்லியிருந்தா வெறகடுப்புல ஒரு அண்டா காய்ச்சியிருப்பேனேம்மா” என்றார். மனைவி என்னைப் பார்த்த பார்வையிலேயே இன்னொரு வாளி கொதித்திருக்கும். ஆனாலும் அவளும் ஜீப் வெந்நீரில்தான் குளித்தாள். மிதித்தது நான்.

ஊர் திரும்பியதும் மெக்கானிக் வண்டியைச் சுற்றி வந்தார். ரேடியேட்டரைப் பார்க்கவில்லை. குனிந்து பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், சைலன்சர் பக்கம் இன்னொரு பங்கு சூடு சும்மா போகுதுன்னீங்களே? அதுல இட்லிப் பானை ஒண்ணு…”

“என்னங்க,” என்றாள் மனைவி, “சாவியை இப்படிக் குடுங்க.”