தப்பு அவன் மேலதான்!

முன்னால் போன காரின் முதுகில் கொண்டுபோய் முட்டிவிட்டு, "அவன்தான்யா என் மேல விட்டான்" என்று சாதிக்கிற சித்தப்பா உங்கள் குடும்பத்திலும் இருப்பார். நான் என் சித்தப்பாவைச் சொல்வதாக நினைத்து யாரும் அவருக்கு ஃபோன் போட்டுவிட வேண்டாம்.

சித்தப்பாவுக்கு விபத்தை வாயால் சொல்லிப் பழக்கமில்லை. நடத்திக் காட்டுவார். கையில் கிடைப்பதெல்லாம் வண்டிதான். வீட்டில் என்றால் காபி டம்ளர் அவர் கார், டபரா எதிராளியுடையது. கல்யாணப் பந்தி அமைந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். தலைவாழை இலை வடபழனி நூறடி ரோடு ஆகிவிடும். நடுநரம்புதான் மீடியன். வடை இவர் வண்டி, லட்டு முன்னால் போன வெள்ளைக் கார். பீன்ஸ் பொரியலைக் கிள்ளிக் கிள்ளி ஷேர் ஆட்டோக்களாக ரோடு நெடுக நிறுத்துவார். "அன்னிக்கு டிராஃபிக் அப்படி." பிறகு வடையை நகக்கண் அளவுக்கு நகர்த்துவார். "நான் இவ்ளோதான் வந்தேன், பாத்துக்கோ." லட்டைச் சட்டென்று அழுத்தி நிறுத்துவார். "சடன் பிரேக் போட்டான். இண்டிகேட்டர் போட்டானா? கிடையாது!" நேராகப் போகிறவன் எதற்கு இண்டிகேட்டர் போட வேண்டும் என்று ஒரு பந்தியில் கேட்டுவிட்ட மாப்பிள்ளையோடு அவருக்கு இன்றுவரை பேச்சு இல்லை. சாம்பார் வாளியோடு வருகிற பையனை, "இருப்பா, இன்னும் சிக்னல் விழல" என்று நிறுத்திவைப்பார். பையனும் பாவம், நிற்பான்.

போன வாரம் கதை உச்சத்தில் இருந்தபோது, பக்கத்து இலைப் பெரியவர் கேட்கிற சுவாரசியத்தில் லட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். சித்தப்பா அசரவில்லை. "இதேதான்! பேசிட்டிருக்கும்போதே அவனும் இப்படித்தான் காணாமப் போயிட்டான்."

ஒவ்வொரு விசேஷத்துக்கும் அவர் வேகம் குறைந்துகொண்டே வருகிறது. நிச்சயதார்த்தத்தில் 40-இல் வந்தார், கல்யாணத்தில் 30, மறுவீட்டில் 20. வளைகாப்புக்குள் அவர் வண்டி நின்றுவிடும். சீமந்தப் புத்திரன் பிறப்பதற்குள் அந்த வெள்ளைக் கார் ரிவர்ஸில் வந்து இடித்திருக்கும்.

இப்படிப்பட்டவருக்கு இன்சூரன்ஸ்காரர்கள் செய்த துரோகம் கொஞ்சநஞ்சமல்ல. க்ளெய்ம் ஃபாரத்தில் 'விபத்து நடந்த விதம்' என்று நாலு விரல்கடை இடம் விட்டிருந்தார்கள். சித்தப்பா தனித்தாள் வாங்கி எழுதி, வண்ணப் பென்சிலில் வரைபடமும் இணைத்தார். ஷெட்டுக்கு வந்த சர்வேயர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. நம் வண்டிக்கு ஆன சேதத்தை நம் பாலிசியில் கேட்கும்போது, தப்பு யார் மேல் என்று கம்பெனி பொதுவாகக் கவலைப்படுவதில்லை. லைசன்ஸ் செல்லுமா, பாலிசி நடப்பில் இருக்கிறதா, ஓட்டியவர் குடித்திருந்தாரா, அவ்வளவுதான். டிங்கர் பட்டறையில் கிடந்த இரண்டு ஸ்பானரை வைத்துச் சித்தப்பா ஆட்டத்தைத் தொடங்கியதும், "சார், அதெல்லாம் வேணாம். பம்பர் ஃபோட்டோ போதும்" என்றார் சர்வேயர். சித்தப்பா முகம் அன்று வாடியதைப் பார்த்து எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவ்வளவு வரைந்திருந்தார் மனிதர்.

கணக்கு அதைவிடக் கொடுமை. பம்பர் 6,000 ரூபாய் என்று வையுங்கள். பிளாஸ்டிக் பாகம் என்பதால் தேய்மானத்துக்குப் பாதி போய்விடும். நம் பங்காகக் கட்டாயம் 1,000 கழியும். கைக்கு வருவது 2,000. தேய்மானம் பிடிக்காத பம்பர்-டு-பம்பர் பாலிசியை அவர் எடுக்கவில்லை. ஒழுங்காக ஓட்டுகிறவனுக்கு அது எதற்கு என்பது அவர் கட்சி. இந்த 2,000-க்காக, வருடக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த 50 சதவீத நோ க்ளெய்ம் போனஸ் மொத்தமும் போச்சு. மறுபடி 20-இல் ஆரம்பித்து 50-க்கு ஏறுவதற்கு, க்ளெய்மே இல்லாமல் ஐந்து வருடம் ஓட்ட வேண்டும். சித்தி தலையில் அடித்துக்கொண்டார். "கையிலேருந்து போட்டுட்டுப் பேசாம இருந்திருக்கலாமே!"

"பணமா முக்கியம்? கம்பெனிக்காரனே குடுத்துட்டான்னா தப்பு அவன் மேலன்னு ஆயிடுச்சில்ல?"

அன்று அந்தக் காரில் பின்சீட்டில் இருந்தவன் நான். ரோட்டைக் கடந்த ஒரு அம்மாவுக்காக முன்னால் போனவர் பிரேக் போட்டார். சித்தப்பா போடவில்லை. மெட்ராஸில் ஒருத்தனுக்கும் வண்டி ஓட்டத் தெரியவில்லை என்று என் பக்கம் திரும்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். முன்வண்டி திடீரென்று நின்றாலும் முட்டாத தூரத்தில் வர வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு ஓட்டுநர் ஒழுங்குமுறை விதிகளிலேயே இருக்கிறது. இதை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

இடித்ததைக்கூட விட்டுவிடலாம். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் நடுரோட்டில் வண்டியைப் போட்டுவிட்டு, அரை மணி நேரம் இரண்டு பேரும் கையை ஆட்டிக்கொண்டு நின்றார்கள். பின்னால் மாநகரப் பேருந்துகள் வரிசை கட்டி ஹாரன் அடித்தன. வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வெயிலில் வெந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் தப்பு யார் மேல் என்பதில் அக்கறை இல்லை. சித்தப்பா, அடி யாருக்கும் படவில்லை என்றால் நாலு பக்கமும் ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், அவர் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள், முதலில் வண்டியை ஓரம் கட்டுங்கள். மிச்சத்தைப் பந்தியில் பேசிக்கொள்ளலாம்.