திறப்புக் கட்டணம்

லேப்டாப் வாங்கப் போகிறவர் திரை அளவு, ராம், எஸ்எஸ்டி, மாதத் தவணை எல்லாவற்றையும் ஒருவழியாகத் தீர்மானித்து முடித்த பிறகு, பில் போடும் நேரத்தில் ஒரு கேள்வி வந்து நிற்கிறது: விண்டோஸ் ஹோமா, புரோவா? கேட்கிற தோரணையிலேயே பதிலும் ஒளிந்திருக்கிறது. ஹோம் என்பது லுங்கி கட்டிக்கொண்டு ஊஞ்சலில் ஆடுபவருக்கு, புரோ என்பது டை கட்டியவருக்கு என்ற எண்ணம் எப்படியோ மனதில் ஏறிவிடுகிறது. பல் துலக்கும் பிரஷ்ஷில்கூடப் புரோ வந்துவிட்ட காலத்தில், பிள்ளையின் ஹோம்வொர்க்கைப் பிரிண்ட் எடுக்கவும் மின்கட்டணம் கட்டவும் வாங்குகிற இயந்திரத்தை மட்டும் ஏன் குறைத்து வாங்க வேண்டும் என்று தோன்றுவதில் தப்பில்லை. ஆனால் குறைத்து வாங்குகிறோம் என்ற நினைப்பில்தான் கோளாறு. ஹோமும் புரோவும் ஒரே சரக்கு. கூடுதலாகக் கொடுக்கிற பணம் சரக்குக்குப் போவதில்லை, சரக்கில் போட்டிருக்கும் சில பூட்டுகளைத் திறந்துவிடப் போகிறது. ஆகவே எந்தப் பூட்டு என்று பெயர் சொல்லிக் கேட்கத் தெரியாதவர் ஒரு பைசாவும் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி.

ஒரே சரக்கு என்பதற்குச் சாட்சி தேடி அலைய வேண்டாம். ஹோம் இருக்கிற கணினியில் புரோவுக்கான 25 எழுத்துச் சாவியைத் தட்டினால், கணினி ஒருமுறை அணைந்து எழுந்து புரோவாகிவிடுகிறது. பழையதை அழிப்பதில்லை, புதிதாக எதையும் மூட்டை மூட்டையாக இறக்குவதும் இல்லை, காபி ஆறுவதற்குள் பதவி உயர்வு முடிந்துவிடும். காரணம் எளியது: தேவையான கோப்புகளில் பெரும்பாலானவை முதல் நாளிலிருந்தே உங்கள் வட்டில்தான் உட்கார்ந்திருக்கின்றன. ஹோமில் கிடையாது என்று சொல்லப்படும் குரூப் பாலிசி எடிட்டரின் பொதிகள்கூட விண்டோஸ் கோப்புறைக்குள் சமர்த்தாகத் தூங்குகின்றன. இரண்டு வரி கட்டளையில் அவற்றை எழுப்பி உட்காரவைக்கும் குறும்புக்காரர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். வீட்டை மூன்று படுக்கையறையோடு கட்டி, மூன்றாவது அறைக்குப் பூட்டுப் போட்டு, இது இரண்டு அறை வீடு என்று விற்றால் நாம் புரோக்கரைச் சும்மா விடுவோமா? கணினி என்றால் மட்டும் பூட்டிய அறையை ‘ஃபீச்சர்’ என்று மரியாதையாக அழைக்கிறோம்.

இந்தப் பழக்கம் நேற்று வந்ததில்லை. 1996இல் விண்டோஸ் என்டி 4.0 இரண்டு வடிவங்களில் வந்தது. ஒர்க்ஸ்டேஷன் விலை குறைவு, சர்வர் விலை பல நூறு டாலர் அதிகம். இரண்டும் வெவ்வேறு வேலைக்கென்று வெவ்வேறாகச் செய்யப்பட்டவை என்று ஊர் நம்பிக்கொண்டிருந்தது. ஆண்ட்ரூ ஷுல்மேன், மார்க் ருசினோவிச் போன்ற ஆராய்ச்சிக்காரர்கள் உள்ளே இறங்கிப் பார்த்தார்கள். இரண்டிலும் இருந்தது ஒரே கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையக் கரு. ரெஜிஸ்ட்ரியில் இருந்த ஓரிரு குறிப்புகளைப் படித்துவிட்டு, இன்றைக்கு நான் சர்வர், இன்றைக்கு நான் ஒர்க்ஸ்டேஷன் என்று அது வேடம் கட்டிக்கொண்டிருந்தது. வேடத்துக்கேற்றபடி நினைவகத்தையும் வேலைகளையும் வேறு மாதிரி பங்கிட்டது என்பது உண்மைதான். ஆனால் விலைச்சீட்டு வேடத்துக்குத்தான், நடிகருக்கு அல்ல. இதைத் தோண்டி எடுத்த ருசினோவிச்சை என்ன செய்தார்கள் என்று கேட்டால், 2006இல் மைக்ரோசாஃப்ட் அவருடைய நிறுவனத்தையே வாங்கி அவரையும் சேர்த்துக்கொண்டது. பிற்பாடு அதன் கிளவுட் சேவையான அசூரின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியாகவே ஆனார். பூட்டைத் திறக்கத் தெரிந்தவரை வெளியில் விட்டுவைப்பது வியாபாரத்துக்கு நல்லதில்லை.

மைக்ரோசாஃப்டை மட்டும் திட்டினால் அது அநியாயம். 1849இல் ஜூல் துய்ப்யுய் என்ற பிரெஞ்சுப் பொறியாளர், ரயிலில் மூன்றாம் வகுப்புப் பெட்டிக்கு ஏன் கூரை போடுவதில்லை என்று விளக்கியிருக்கிறார். கூரைக்கு ஆகும் செலவு ஒரு பொருட்டே இல்லையாம். இரண்டாம் வகுப்புக்குப் பணம் கொடுக்க முடிந்தவர் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக் கூடாது, அதற்குத்தான் மழையும் வெயிலும். ஏழை நனைவது ஏழையின் மேல் உள்ள கோபத்தால் இல்லை, பணக்காரரைப் பயமுறுத்த. கணினி உலகம் இந்தக் கலையைக் கண்ணும் கருத்துமாக வளர்த்தது. 1991இல் இன்டெல் விற்ற 486எஸ்எக்ஸ் சில்லு, உண்மையில் தசமக் கணக்குப் போடும் பகுதியை முடக்கிய 486டிஎக்ஸ் சில்லேதான். பிறகு அந்தக் கணக்கு வேண்டும் என்று ஏங்குபவருக்காக 487எஸ்எக்ஸ் என்று ஒரு துணைச் சில்லு வந்தது. அது துணையே இல்லை, முழு 486டிஎக்ஸ். செருகியதும் ஏற்கெனவே இருந்த சில்லைத் தூங்கவைத்துவிட்டு முழு வேலையையும் தானே பார்க்கும். வாங்கியவர் இரண்டு சில்லுக்குப் பணம் கொடுத்து ஒன்றைப் பயன்படுத்தினார்.

விண்டோஸ் எக்ஸ்பியின் ஸ்டார்ட்டர் பதிப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. 2004 வாக்கில் தாய்லாந்து, இந்தோனேசியா, மலேசியா என்று ஆரம்பித்து, 2005இல் இந்தி முகத்தோடு இந்தியாவுக்கும் வந்த இந்தப் பதிப்பில் ஒரே நேரத்தில் மூன்று புரோகிராம்களுக்கு மேல் திறக்க முடியாது. நாலாவதைத் திறக்க விடாமல் தடுக்க யாரோ ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்து நிரல் எழுதியிருக்க வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள். குறைப்பதற்கும் உழைப்பு வேண்டும். 2009இல் வந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரில் திரையின் பின்னணிப் படத்தை மாற்ற முடியாது. குலதெய்வத்தின் படத்தை வைக்க விரும்பியவர் மேல் பதிப்புக்குத் தட்சிணை வைக்க வேண்டியிருந்தது. நடுவில் 2007இல் வந்த விஸ்டாவோ ஸ்டார்ட்டர், ஹோம் பேசிக், ஹோம் பிரீமியம், பிசினஸ், என்டர்பிரைஸ், அல்டிமேட் என்று ஆறு பிள்ளைகளோடு வந்து இறங்கியது. 399 டாலர் அல்டிமேட்டின் தனிச்சிறப்புப் பரிசுகளில் ஒரு சீட்டாட்டமும் அசையும் பின்னணிப் படமும் அடக்கம். அதே வருடம் ஜூனில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையேறி, ஆப்பிளின் புது இயங்குதளமும் பேசிக், பிரீமியம், பிசினஸ், என்டர்பிரைஸ், அல்டிமேட் என்று வருகிறது, ஒவ்வொன்றும் 129 டாலர் என்று அடுக்கிக் கூட்டத்தைச் சிரிக்கவைத்தார். நம் ஊரில் அந்தக் கேலி தேவைப்படவில்லை. இங்கே காசு கொடுத்து வாங்கியவர் ஹோம் பேசிக்கோடு காலம் தள்ள, காசே கொடுக்காமல் நண்பரிடம் டிவிடி வாங்கியவர் அல்டிமேட்டில் உலா வந்தார்.

சரி, இன்றைய விண்டோஸ் 11இல் அந்தப் பூட்டிய மூன்றாவது அறைக்குள் என்னதான் இருக்கிறது? ஹோம் 128 ஜிபி ராம் வரைக்கும்தான் தாங்கும், புரோ 2 டிபி வரை தாங்கும். 8 ஜிபியா 16 ஜிபியா என்று மனைவியோடு ஒரு வாரம் ஆலோசித்து 8க்கு ஒத்துக்கொண்டவருக்கு இந்த வேறுபாட்டால் வரும் நஷ்டத்தை அளக்கக் கருவி இல்லை. ஹோம் ஒரு பிராசஸரை மட்டும் ஏற்கும், புரோ இரண்டை ஏற்கும். இரண்டு பிராசஸர் உள்ள லேப்டாப்பைக் கடையில் பார்த்தால் சொல்லுங்கள். ரிமோட் டெஸ்க்டாப்பில் ஹோம் அடுத்த வீட்டுக்குப் போய்வரும், ஆனால் தன் வீட்டுக்கு விருந்தாளியைக் கூப்பிடாது. புரோ இரண்டும் செய்யும். வெளியூரிலிருந்து அலுவலகக் கணினிக்குள் நுழைய வேண்டியவருக்கு இது நிஜமான தேவை. மற்றவருக்கு எனிடெஸ்க் போன்றவை இருக்கின்றன. கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் ஹைப்பர்-வி புரோவில்தான் உண்டு, ஆனால் அதே வேலைக்கு வர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். அலுவலக டொமைனில் சேர்வது, ஐம்பது கணினிகளுக்கு ஒரே இடத்திலிருந்து கட்டளை போடுவது ஆகியவை புரோவின் உயிர்நாடி. நாலு பேர் உள்ள வீட்டில் ஐம்பது கணினி இருந்தால் வருமான வரித்துறை வேறு கேள்விகள் கேட்கும்.

புரோ வேகமாக ஓடும், கேம் நன்றாக விளையாடலாம் என்பார்கள். கெர்னல் ஒன்று, டைரக்ட்எக்ஸ் ஒன்று. வேகம் எங்கிருந்து வரும்? புரோ பாதுகாப்பானது என்பார்கள். வைரஸைத் தடுக்கும் டிஃபெண்டர் இரண்டிலும் ஒன்றே. பாதுகாப்புத் திருத்தங்களும் ஒரே நாளில் இரண்டுக்கும் வருகின்றன. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 அன்று ஆதரவு நின்றபோது ஹோமும் புரோவும் ஒன்றாகவே வழியனுப்பப்பட்டன. அப்டேட்டைத் தள்ளிப்போடும் வசதியில் மட்டும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. புரோவில் புதிய பதிப்புகளை 365 நாள் வரை ஒத்திப்போடலாம். ஹோமில் 2019 வரை ஒத்திப்போடும் பேச்சே இல்லை, அப்புறம் ஐந்து வாரம் வரை நிறுத்திவைக்க அனுமதி கிடைத்தது. அதை அப்போது கொடுக்க முடிந்தவர்கள் விண்டோஸ் 10 வந்த 2015இலேயே கொடுத்திருக்கலாம். பூட்டு எந்தக் கதவில் தொங்க வேண்டும் என்பது தொழில்நுட்பம் தீர்மானிப்பதாக இருந்தால் இப்படி இடம் மாறாது. எதிர்த்திசையிலும் மாறியிருக்கிறது: மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமலே புதுக் கணினியைத் தொடங்கலாம் என்று 2021இல் புரோக்காரர்கள் மார்தட்டினார்கள். அடுத்த வருடமே, சொந்த உபயோகத்துக்கு என்றால் அவர்களும் கணக்கோடு வரவேண்டும் என்றாகிவிட்டது.

இன்னொரு வாதம் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு மிகவும் பிடித்தது: இப்போது தேவையில்லாவிட்டாலும் பின்னால் உதவும். இதற்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்க விலையில் ஹோம் 139 டாலர், புரோ 199, பிறகு மனம் மாறி ஹோமிலிருந்து புரோவுக்கு ஏறினால் 99. இப்போதே புரோ வாங்கினால் 60 டாலர் உறுதியாகப் போகும். காத்திருந்தால் தேவை வந்தால் மட்டுமே 99 போகும். தேவை வருவதற்கு நூற்றுக்கு அறுபதுக்கு மேல் வாய்ப்பு இருந்தால்தான் முன்கூட்டி வாங்குவது லாபம். ஐந்து வருடத்தில் என் வீடு டொமைன் கன்ட்ரோலர் வைக்கும் என்று நூற்றுக்கு அறுபது நம்புகிறவர் வாங்கிக்கொள்ளட்டும். முந்நூறு ரூபாய்க்கு இணையத்தில் புரோ சாவி கிடைக்கிறதே என்று கேட்பவருக்கு: அவற்றில் பல, ஏதோ ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாகக் கொடுத்ததிலிருந்து கசிந்தவை. என்றைக்கு வேண்டுமானாலும் செல்லாமல் போகலாம், அன்றைக்கு விற்றவரின் போனும் செல்லாது.

கனமான ஆட்சேபம் பொருளாதாரம் படித்தவர்களுடையது. பூட்டு இருப்பதால்தான் வீட்டுக்காரருக்கு மலிவாகக் கிடைக்கிறது; நிறுவனங்கள் அதிகம் கொடுப்பதால் நாம் குறைவாகக் கொடுக்கிறோம்; எல்லாருக்கும் ஒரே பதிப்பு என்றால் விலை நடுவில் வந்து நிற்கும், நமக்கு ஏறும். இதை மறுக்க என்னால் முடியவில்லை, மறுக்கவும் வேண்டாம். ஆனால் இந்த நியாயம் யார் பக்கம் பேசுகிறது என்று பாருங்கள். நிறுவனத்திடம் வசூலிக்க வைத்த உண்டியலில், யாரும் கேட்காமலே ஓடிவந்து காசு போடுகிறவர் பெயர்தான் புரோ வாங்கிய வீட்டுக்காரர். கட்சிக்காரர்களின் கணக்குகளைச் சுமந்து திரியும் ஆடிட்டரும், ஐந்து கணினியோடு அலுவலகம் நடத்துபவரும் தயங்காமல் புரோ வாங்கட்டும், அவர்களுக்கு அது கிட்டத்தட்டக் கட்டாயம்.

ஒரு கதவில் மட்டும் எனக்குச் சமாதானம் கிடையாது. வட்டில் உள்ளதைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரை முழுதாகப் புரோவுக்கு ஒதுக்கியது தவறு. பேருந்தில் லேப்டாப்பைத் தொலைப்பவர் எந்தப் பதிப்பு வைத்திருக்கிறார் என்று திருடர் கேட்பதில்லை. ஹோமுக்கு ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ என்று ஒரு சிக்கன வடிவம் உண்டு. விண்டோஸ் 11இன் 24எச்2 வெளியீட்டிலிருந்து, புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான கணினிகளில் கேட்காமலே அது இயங்கத் தொடங்கிவிடுகிறது. நல்லதுதான். ஆனால் புரோவில் பிட்லாக்கரை நீங்களே இயக்கினால், மீட்புச் சாவியை எங்கே வைப்பது என்று உங்களைக் கேட்டுவிட்டுத்தான் பூட்டுகிறது. தானாக இயங்கும் இந்தச் சிக்கன வடிவத்தில் சாவி நேராக உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குப் போகிறது, அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு கடைக்காரர் தொடங்கிக்கொடுத்த அன்றே மறந்துபோன வகையைச் சேர்ந்தது. ஒருநாள் பயாஸ் அப்டேட்டுக்குப் பின் நீலத்திரை சாவியைக் கேட்கும்போதுதான், பிள்ளையின் கல்யாணப் படங்கள் உட்பட எல்லாம் பூட்டுக்குள் இருப்பது தெரியவரும்.

ஆகவே ஹோம் வைத்திருப்பவர்கள் இன்றே செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் போய் டிவைஸ் என்கிரிப்ஷன் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் கணக்குக்குள் நுழைந்து 48 இலக்க மீட்புச் சாவியை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தாளை லேப்டாப் பைக்குள் வைக்காதீர்கள், ரேஷன் கார்டு இருக்கும் இடத்தில் வையுங்கள்.