மாதக்கணக்கு வாசகர்

மாதக் கடைசியில் மளிகைக் கணக்குப் பார்ப்பதைப் போலவே தாம் வாசித்த புத்தகங்களுக்கும் கணக்குப் பார்த்து, நோட்டுப் புத்தகத்தில் வரிசையாகப் பதிந்து வைக்கும் வர்க்கத்தார் சிலர் நம்மிடையே உண்டு. இவ்வர்க்கத்தின் பிரதிநிதி பெரும்பாலும் ஐம்பது பிராயத்தைக் கடந்தவர். கதைகளையும் நாவல்களையும் வாலிபப் பருவத்துச் சபலங்களுள் ஒன்றாகக் கருதி விட்டொழித்தவர். சரித்திரம், சுயசரிதை, யாத்திரை நூல், விஞ்ஞானம் ஆகிய மெய்யான விஷயங்களைத் தவிர வேறொன்றிலும் கண்ணைச் செலுத்துவதில்லை என்று விரதம் பூண்டவர்.

கண்ணாடிக் கதவுக்குப் பின்னே அந்துருண்டை வாசனையோடு வீற்றிருப்பவை அவருடைய சொந்தப் புத்தகங்கள். கிளை நூலகத்திலிருந்து வந்து, சாய்வு நாற்காலியின் கைமேல் கவிழ்ந்து கிடப்பவை இரவல் புத்தகங்கள். விலை கொடுத்து வாங்கியதே பாதி வாசித்ததற்குச் சமானம் என்பது அவருடைய சித்தாந்தமாதலால், முன்னவற்றுக்கு அவசரம் ஏதுமில்லை. ஜவாஹர்லால் நேரு 1944-இல் அகமத்நகர்க் கோட்டைச் சிறையிலே ஐந்தே மாதங்களில் எழுதி முடித்த ‘டிஸ்கவரி ஆப் இந்தியா’வை, வெளியே சர்வ சுதந்திரத்தோடு உலாவும் நம்மவர், சிந்து சமவெளியைத் தாண்டாமல் பல வருஷங்களாக வாசித்து வருகிறார். இரவல் புத்தகத்தின் கதையோ வேறு. அதில் ஒட்டிய சீட்டிலே திருப்பித்தர வேண்டிய தேதியை ஊதா மையில் பதித்திருக்கிறதே, அந்த ரப்பர் முத்திரைக்குச் சாக்ஷாத் சரஸ்வதி தேவிக்கும் இல்லாத அதிகாரம் அவர்மீது உண்டு. அபராதம் சில்லறைக் காசுதான் என்றாலும், அதைக் கட்டுவது கல்விமானுக்கு இழுக்கல்லவா?

இருபத்தைந்தாம் தேதிக்கு மேல் அவர் நூலகத்துக்குச் செல்லும்போது உற்றுக் கவனித்தால், ஆசிரியர் பெயரை விட்டுவிட்டுப் புத்தகங்களின் பருமனை மட்டும் அவர் பரிசீலிப்பது புலனாகும். மாதம் முழுவதும் நீலகண்ட சாஸ்திரியாரின் சோழர் சரித்திரத்தில் கல்வெட்டுக்களுக்கிடையே ஊர்ந்து களைத்தவர், எஞ்சிய சில தினங்களுக்குள் தேனீ வளர்ப்பையும் மூல வியாதிக்குரிய பத்தியத்தையும் கரைத்துக் குடித்து, எண்ணிக்கையை நேர் செய்துவிடுகிறார்.

எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது ஒன்று; வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துக என்பது மற்றொன்று. முன்னதை நம்மவர், ஒவ்வொரு நூலுக்கும் கேட்பதற்கு ஓர் ஆள் என்று தமக்கு வசதியாகத் திருத்திக்கொண்டிருக்கிறார். அந்த ஆள் அவருடைய தர்மபத்தினியைத் தவிர வேறு யாராக இருக்க முடியும்? உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ நடந்த மாதத்தில், சாம்பாருக்கும் ரசத்துக்கும் இடையே ஏட்டுச் சுவடிகள் புகுந்தன. கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் ஐயரைப் பார்த்து, சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்ட கட்டம் வந்தபோது, மோர் இலைக்கு வராமல் பாத்திரத்திலேயே நின்றது.

சில மாதங்கள் கழிந்தபின், திண்ணையில் வந்தமர்ந்த எதிர்வீட்டுத் தமிழாசிரியர், ஐயர் சிந்தாமணியைப் பதிப்பித்தது எந்த வருஷம் என்று யதேச்சையாக வினவ, அப்போது எரிமலைகளில் ஆழ்ந்திருந்த நம்மவர் சற்றும் தயங்காமல், “1880” என்றார்.

“அது முதலியார் கேட்ட வருஷங்க, புஸ்தகம் அச்சாகி வந்தது 1887. நீங்கதானே சொன்னீங்க?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

ஒரு பக்கத்தையும் புரட்டாமல் அப்பெருநூலின் சாரத்தைக் கிரகித்துக்கொண்ட அந்த அம்மாளைக் கண்டிருந்தால், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தும் விதி இத்தனை பூரணமாக நிறைவேறியது குறித்து ரங்கநாதனே பரவசமடைந்திருப்பார். ஆயினும் நோட்டுப் புத்தகத்தில் அந்நூல் இன்றளவும் நம்மவர் பெயரில்தான் வரவு வைக்கப்பட்டிருக்கிறது.