எட்டாம் வகுப்பு நோட்டில் மூன்றாம் வகுப்புப் பாடம்

தமிழ்நாட்டு ஊர்களின் உள்வீதிகளில், மாலை ஐந்தரை மணிக்கு மேல் வாசற்படியில் பதினைந்து ஜோடிச் செருப்புகள் தாறுமாறாகக் கிடக்கும் வீடு ஒன்று தென்பட்டால், அங்கே நிச்சயதார்த்தமோ துக்கமோ நடக்கவில்லை, டியூஷன் நடக்கிறது என்று கொள்ள வேண்டும். பள்ளியில் நடந்த பாடத்தைக் கட்டணம் பெற்று வீட்டில் மறுபடி நடத்துவதே டியூஷன் என்பது பெற்றோர் கருத்து. ஆனால் அவ்வீட்டின் தலைவியாகிய டியூஷன் அக்காவின் தொழிலைக் கூர்ந்து நோக்குவோர்க்கு, நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் தலையில் ஏறாமல் போன பாடத்தை யாருக்கும் தெரியாமல் ஏற்றுவதே அதன் உட்பொருள் என்பது விளங்கும். இந்த அக்கா பெரும்பாலும் பி.எஸ்சி., பி.எட். முடித்து, ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேறி, பணி ஆணைக்குக் காத்திருப்பவர். காத்திருப்பு எத்தனை ஆண்டு நீண்டாலும் அக்கா என்ற பட்டம் அத்தை என்று மாறுவதில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், மாணாக்கரை அன்னம், ஆ, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்பவற்றுக்கு ஒப்பிட்டுத் தலை, இடை, கடை எனத் தரம் பிரித்தார். இவற்றுள் இல்லிக்குடம் என்பது ஓட்டைக்குடம்; நெய்யரி என்பது நெய்யை வழியவிட்டுக் கசடை மட்டும் பத்திரப்படுத்தும் பன்னாடை. அன்னம் முதல் கிளி வரையானவை வேறு பெரிய கோச்சிங் சென்டர்களுக்குப் போய்விடுவதால், அக்காவின் வாசலுக்கு வந்து சேர்வன கடைசி நான்கு வகையே. கல்வித்துறை இவர்களை முன்பு மெல்லக் கற்போர் என்றது, பின்பு மெல்ல மலர்வோர் என்றும் சொல்லத் தொடங்கியது. அக்காவிடம் உள்ள ஒரே கலைச்சொல் 'நம்ம பய' என்பதாகும். முனிவரிடமிருந்து அவர் வேறுபடும் இடம் ஒன்று உண்டு: குடம் ஒழுகுகிறது என்று தீர்ப்பெழுதுவதோடு அவர் நிற்பதில்லை, எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று தூக்கிப் பார்ப்பார்.

இத்தூக்கிப் பார்த்தலைக் கல்வியியல் நூல்கள் குறையறி சோதனை என்றும், அதன்பின் செய்யும் பழுதுபார்ப்பைக் குறைதீர் கற்பித்தல் என்றும் வழங்கும். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் வழியே, எட்டாம் வகுப்பு முடியும்வரை எவரையும் அதே வகுப்பில் நிறுத்திவைக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் இல்லை. இது நல்ல ஏற்பாடே ஆயினும், பையன் ஆண்டுதோறும் மேலேறிச் செல்ல, அவனுடைய கழித்தல் மட்டும் மூன்றாம் வகுப்பிலேயே தங்கிவிடுவதுண்டு. அத்தகையவனிடம் அக்கா வினாத்தாளை நீட்டுவதில்லை. நூறு ரூபாயைக் கொடுத்துத் தக்காளி வாங்கிவரச் சொல்லி, மீதிச் சில்லறையை அவன் எண்ணும் விரல்களைப் பார்த்திருப்பார். சோதனையும் முடிந்தது, ரசத்துக்குத் தக்காளியும் வந்தது.

52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் அவன் 35 என்று எழுதுவான். அது தேர்ச்சி மதிப்பெண் என்பதால் வந்த பற்று அன்று. 2இலிருந்து 7 போகாது என்பதால் 7இலிருந்து 2ஐக் கழித்துவிட்ட நியாயவான் அவன். பள்ளி இதற்குக் கடன் வாங்கிக் கழித்தல் என்ற முறையைக் கற்பித்திருக்கிறது. அங்கேதான் அவனுக்குச் சிக்கல்.

"பக்கத்து வீட்டுல கடன் வாங்குனா திருப்பிக் குடுக்கணும்ல அக்கா? இந்த அஞ்சுகிட்ட வாங்குனத எப்பக் குடுக்குறது?"

வீட்டு வாசலில் குழுக்கடன் வசூலுக்கு ஆள் வந்து நிற்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளையின் கேள்வி இது. இதற்குப் பாடநூலில் விடை இல்லை. அக்கா கடன் என்ற சொல்லையே கைவிட்டு, ஐந்து பத்து ரூபாய்த் தாள்களையும் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களையும் தரையில் பரப்பி, ஒரு தாளைக் கொடுத்துப் பத்து நாணயங்களாகச் சில்லறை மாற்றச் சொல்வார். பன்னிரண்டு நாணயத்தில் ஏழு போகும், நான்கு தாளில் இரண்டு போகும். 25 வந்தது, கடனாளி யாருமில்லை.

தசமத்தில் வரும் பிழை இன்னும் நுட்பமானது. 3.4உடன் 2.3ஐக் கூட்டி 6.1 என்று எழுதிய பையனுக்குப் பள்ளி போட்ட சிவப்புச் சுழியை அக்கா நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஓவரா கூட்டுனியா?" என்பார். மூன்று ஓவர் நான்கு பந்தும் இரண்டு ஓவர் மூன்று பந்தும் சேர்ந்தால், ஆறு பந்துக்கு ஓர் ஓவர் ஆதலால், ஆறு ஓவர் ஒரு பந்தே வரும். கிரிக்கெட்டில் அவன் நூற்றுக்கு நூறு. ஆகவே முதலில் சரி என்று ஒப்புக்கொண்டு, பின்னர் புள்ளிக்கு வலப்புறம் பத்து சேர்ந்தால்தான் இடப்புறம் ஒன்று கூடும் என்பதை அவன் அம்மாவின் நகை அடகுச் சீட்டில் உள்ள கிராம் கணக்கை வைத்து விளக்குவார். குக்கரின் மூன்றாவது விசிலுக்குக் கணக்கு முடிந்து தமிழ் தொடங்கும். கோடு என்பதைக் கேரடு என்று படிப்பவன் துணைக்காலை ரகரமாகக் கண்டவன் என்பது அடுப்படியிலிருந்தே அவருக்குப் புலப்படும்.

இவ்வளவும் எட்டாம் வகுப்பு என்று அட்டையில் எழுதிய நோட்டிலேயே நடந்தாக வேண்டும். மூன்றாம் வகுப்புப் புத்தகம் வெளியே தெரிந்தால் பையனுக்கு மானம் போகும், அம்மாவுக்குக் கட்டணம் உறுத்தும். "எட்டாவது கணக்கு எதுவரைக்கும் வந்திருக்கு டீச்சர்?" என்று கேட்கும் அம்மாவிடம் "நெருங்கிட்டோம்மா" என்பது அக்காவின் நிலையான விடை, அது பொய் என்று எவரும் நிறுவ இயலாது.

2021இல் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் இதே மாலை வகுப்பை மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையோடு தன்னார்வலரிடம் ஒப்படைத்தபோது, அக்கா தம் தொழிலுக்குத் தாமதமாகவேனும் ஒரு பெயர் கிடைத்ததென மகிழ்ந்தார். பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் மட்டும் அவர் போக்கு மாறும். கணிதத் தாளின் 100 மதிப்பெண்ணில் வடிவியல் வரைபடத்துக்கும் கிராஃபுக்குமாக 16 உண்டு; பென்சிலும் ஸ்கேலும் அசையாமல் பிடிக்கத் தெரிந்தவன் 35இல் ஏறத்தாழப் பாதியைத் தாண்டிவிட்டான் என்று கொண்டு, அவர் அப்போது ஆசிரியர் நிலையிலிருந்து தச்சர் நிலைக்கு இறங்கிவிடுவார்.

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பொறுமையின் உருவான இவர், சொந்த மகனுக்குக் கணக்குச் சொல்லித்தர உட்கார்ந்தால் ஐந்தாம் நிமிடத்தில் ஸ்கேல் முறிகிறது. ஆதலால் அவன் மூன்று வீதி தள்ளி வேறோர் அக்காவிடம் போகிறான். அந்த அக்காவின் மகள் இங்கே வருகிறாள். மாதம் பிறந்ததும் இரு வீட்டுக் கட்டணமும் நேருக்கு நேர் கழிந்துவிடுகின்றன. இக்கழித்தலில் சில்லறை மாற்ற வேண்டிய தேவையும் எழுவதில்லை.